விண்டோஸ் கணினியில் புதிய வட்டு: மாட்டுவது முதல் கோப்பு வைப்பது வரை முழுமையான வழிகாட்டி

புதிய ஹார்ட் டிஸ்கோ எஸ்எஸ்டியோ வாங்கி மாட்டிவிட்டு 'திஸ் பிசி'யைத் திறந்தால் அங்கே எதையும் காணோம். வட்டு கெட்டுப்போய் வந்திருக்கிறது என்று கடைக்கே திருப்பிக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் வட்டில் ஒரு கோளாறும் இருக்காது. விண்டோஸ் அதை ஒரு டிரைவாகக் காட்டுவதற்குள் வெறும் வட்டின்மேல் நான்கு அடுக்குகள் ஏற வேண்டும்: பார்ட்டிஷன் அட்டவணை (வட்டில் எந்தத் துண்டு எங்கே என்ற குறிப்பு), பார்ட்டிஷன் (வட்டின் ஒரு துண்டு), ஃபைல் சிஸ்டம் (அந்தத் துண்டில் கோப்புகளை அடுக்கும் முறை), டிரைவ் எழுத்து (சி, டி போல).

அடுக்குகளின் வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழடுக்கில் செய்த தவறை மேலடுக்கில் இருந்துகொண்டு திருத்த முடியாது. டிரைவ் எழுத்தை நினைத்தபோது மாற்றலாம். ஃபைல் சிஸ்டத்தை மாற்றப் பெரும்பாலும் அந்தப் பார்ட்டிஷனைக் காலிசெய்ய வேண்டும். அட்டவணையை மாற்ற வட்டையே காலிசெய்ய வேண்டியிருக்கும். இங்கே சொல்லும் படிகள் விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்.

1. தொடங்கும் முன்

முதலில் பேக்அப். ஒரே வட்டை சி, டி, ஈ, எஃப் என்று நான்காக வெட்டி, சி-யில் இருப்பதை டி-யில் நகலெடுத்து வைத்துக்கொண்டு அதைப் பேக்அப் என்று நம்பும் பழக்கம் நம்மிடம் அதிகம். வட்டு போனால் நான்கும் சேர்ந்தே போகும். நகல் வேறொரு வட்டில் இருக்க வேண்டும்.

அடுத்து, பிட்லாக்கர் சாவி. பிட்லாக்கர் என்பது வட்டைக் குறியாக்கம் செய்து பூட்டும் விண்டோஸ் வசதி. விண்டோஸ் 11 வந்த பல மடிக்கணினிகளில் நாம் கேட்காமலே குறியாக்கம் இயங்கிக்கொண்டிருக்கும். பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை நிரல்) அமைப்பையோ சி டிரைவின் பார்ட்டிஷன்களையோ தொட்டால், அடுத்த முறை கணினி 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். முன்கூட்டியே எடுத்துக் காகிதத்தில் எழுதி வையுங்கள். கணினி அதைக் கேட்டுக்கொண்டு நிற்கும்போது அதே கணினியில் தேட முடியாது.

மூன்றாவது, மற்ற வெளி வட்டுகளையும் பென் டிரைவ்களையும் கழற்றிவிடுங்கள். இந்த வேலையில் நடக்கும் மிகப் பெரிய விபத்து தவறான வட்டை அழிப்பதுதான். 'டிஸ்க் 1', 'டிஸ்க் 2' என்ற எண்கள் நிலையானவை அல்ல; கணினியைத் திரும்பத் தொடங்கும்போது மாறக்கூடும். எண்ணை நம்பாமல் கொள்ளளவையும் மாடல் பெயரையும் பாருங்கள். ஒரே மாடலில் இரண்டு வட்டு வாங்கியிருந்தால் ஒன்றை முழுதாக முடித்துவிட்டு மற்றதை மாட்டுங்கள்.

2. மாட்டுவதும் பயாஸில் பார்ப்பதும்

சாட்டா என்ற இணைப்பு முறையில் வேலைசெய்யும் வட்டுக்கு இரண்டு இணைப்புகள் உண்டு: மதர்போர்டுக்குப் போகும் டேட்டா கேபிள், பவர் சப்ளையிலிருந்து வரும் பவர் கேபிள். பவர் கேபிளை மறந்துவிட்டு வட்டைக் குறைசொல்வது அடிக்கடி நடக்கிறது. மடிக்கணினியில் 2.5 அங்குல வட்டு வைப்பதானால் தடிமனையும் பாருங்கள். 7 மில்லிமீட்டர் இடத்தில் 9.5 மில்லிமீட்டர் வட்டு நுழையாது.

எம்.2 வடிவ (மதர்போர்டிலேயே செருகும் சிறு பட்டை) எஸ்எஸ்டியில் சாட்டா, அதைவிட வேகமான என்விஎம்இ என இரண்டு வகை. இரண்டும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும். மதர்போர்டின் கையேட்டில் அந்த இடம் எதை ஏற்கும் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். சில மதர்போர்டுகளில் எம்.2 இடத்தை நிரப்பினால் ஒரு சாட்டா இணைப்பு தானாக அணைந்துவிடும். புதிய வட்டு வந்து பழைய வட்டு காணாமல் போனால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

கணினியை இயக்கி, விண்டோஸுக்குள் போகும் முன் பயாஸில் வட்டின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். அங்கே தெரியாத வட்டை விண்டோஸில் தேடுவது வீண். கேபிளை மாற்றுங்கள், வேறு சாட்டா இணைப்பில் செருகிப் பாருங்கள்.

3. பார்ட்டிஷன் அட்டவணை: ஜிபிடியா எம்பிஆரா

விண்டோஸ் விசையையும் எக்ஸ் விசையையும் சேர்த்து அழுத்தி, பட்டியலில் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' என்பதைத் திறங்கள். புதிய வட்டு இருந்தால் 'இனிஷியலைஸ் டிஸ்க்' என்ற பெட்டி தானாக வரும். அது கேட்பது ஒரே கேள்வி: ஜிபிடியா, எம்பிஆரா? இரண்டும் பார்ட்டிஷன் அட்டவணையின் வகைகள்; எம்பிஆர் பழையது, ஜிபிடி புதியது.

ஜிபிடியையே தேர்ந்தெடுங்கள். எம்பிஆர் அட்டவணை வட்டின் செக்டர்களை (வட்டு படித்து எழுதும் மிகச் சிறிய துண்டுகளை) 32 பிட் எண்ணால் எண்ணுகிறது. ஒரு செக்டர் 512 பைட் என்றால் அந்த எண் தீரும் இடம், விண்டோஸ் கணக்கில் 2048 ஜிபி. 4 டிபி வட்டுக்கு எம்பிஆர் கொடுத்தால் 2048 ஜிபி ஒரு துண்டாகவும், மீதி சுமார் 1678 ஜிபி எதற்கும் பயன்படாத கறுப்புப் பட்டையாகவும் நிற்கும். அந்தப் பட்டையில் வலது சொடுக்கினால் எல்லாக் கட்டளைகளும் மங்கியிருக்கும். வட்டை நிரப்பிய பிறகு இதைக் கவனித்தால் எல்லாவற்றையும் வேறிடத்துக்கு மாற்றி, காலிசெய்து, முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

வேறு காரணங்களும் உண்டு. எம்பிஆரில் நான்கு முதன்மைப் பார்ட்டிஷன்களே முடியும். விண்டோஸில் ஜிபிடி 128 வரை தரும். எம்பிஆர் வட்டின் முதல் செக்டரில் மட்டும் இருக்கிறது. அது கெட்டால் அட்டவணையே போச்சு. ஜிபிடி தன் நகலொன்றை வட்டின் கடைசியிலும் வைத்திருக்கும்; தான் பழுதாகியிருக்கிறதா என்று சோதிக்கும் எண்ணும் அதற்குள் உண்டு. யுஇஎஃப்ஐ (பயாஸின் புதிய வடிவம்) இல்லாத பழைய கணினியில் இந்த வட்டிலிருந்து விண்டோஸைத் துவக்க வேண்டும் என்றால் மட்டும் எம்பிஆர் தேவை.

ஜிபிடி கொடுத்ததும் மொத்த அளவில் 16 எம்பி குறைந்திருக்கும். விண்டோஸ் தன் தேவைக்கு ஒதுக்கிக்கொள்ளும் மறைவான பார்ட்டிஷன் அது. தேட வேண்டாம்.

இந்த 'இனிஷியலைஸ்' பெட்டி புது வட்டுக்குத்தான் வர வேண்டும். ஏற்கெனவே கோப்புகள் உள்ள வட்டை மாட்டியபோது வந்தால் ஓகே கொடுக்காதீர்கள். அட்டவணையைப் படிக்க முடியவில்லை என்று அர்த்தம்; ஓகே கொடுத்தால் புதிய வெற்று அட்டவணை பழையதன்மேல் எழுதப்படும்.

4. பார்ட்டிஷன்: எத்தனை, எவ்வளவு

1 டிபி வட்டு 931 ஜிபி என்று காட்டும். ஏமாற்று இல்லை. தயாரிப்பாளர் 1,000-ஆல் பெருக்கிச் சொல்கிறார், விண்டோஸ் 1,024-ஆல் வகுத்துச் சொல்கிறது.

காலியான பகுதியில் வலது சொடுக்கி 'நியூ சிம்பிள் வால்யூம்' கொடுங்கள். அளவை எம்பியில் கேட்கும். 200 ஜிபி வேண்டும் என்றால் 200-ஐ 1,024-ஆல் பெருக்கி 204800 என்று போட வேண்டும். 200000 என்று போட்டால் 195.3 ஜிபி என்று அரைகுறையாக நிற்கும். கெடுதல் இல்லை, கண்ணுக்குத்தான் உறுத்தல்.

எத்தனை துண்டு? இரண்டாவது வட்டுக்கு ஒன்றே போதும் என்பேன். படங்களுக்கு ஒன்று, பாட்டுக்கு ஒன்று, அலுவலகத்துக்கு ஒன்று என்று வெட்டினால், ஆறு மாதத்தில் ஒன்று நிரம்பி வழியும், பக்கத்தில் இன்னொன்று காலியாகக் கிடக்கும். பிரிப்பதற்கு ஃபோல்டர் இருக்கிறது. ஒரு பகுதியை மட்டும் பிட்லாக்கரால் பூட்டவோ, வேறு இயங்குதளம் நிறுவவோ வேண்டும் என்றால் வெட்டலாம். ஹார்ட் டிஸ்கில் பல துண்டுகள் இருந்தால், ஒரே நேரத்தில் இரண்டைப் பயன்படுத்தும்போது வாசிக்கும் தலை அங்கும் இங்கும் ஓடி வேகமும் குறையும்.

5. ஃபைல் சிஸ்டம், கிளஸ்டர் அளவு, ஃபார்மட்

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை அந்த வட்டு எங்கெல்லாம் போகும் என்பதை வைத்து முடிவுசெய்யுங்கள்.

விண்டோஸ் கணினிக்குள்ளேயே இருக்கப்போகும் வட்டுக்கு என்டிஎஃப்எஸ். காரணம், அதன் ஜர்னல். கோப்பின் பெயர், இடம், அளவு போன்ற விவரங்களை மாற்றும் முன் "இதைச் செய்யப்போகிறேன்" என்று என்டிஎஃப்எஸ் ஒரு பதிவேட்டில் எழுதிக்கொள்ளும். நடுவில் மின்சாரம் போனால், மறுபடி துவங்கும்போது பதிவேட்டைப் பார்த்து முடிக்கும் அல்லது திரும்பப் பெறும். ஆனால் ஜர்னல் காப்பது ஃபைல் சிஸ்டத்தின் கட்டமைப்பைத்தான். நீங்கள் தட்டச்சு செய்துகொண்டிருந்த கோப்பின் உள்ளடக்கத்துக்கு அது பொறுப்பல்ல.

மேக்குக்கும் விண்டோஸுக்கும் இடையே அலையும் வெளி வட்டுக்கு எக்ஸ்ஃபேட். மேக் என்டிஎஃப்எஸ்ஸைப் படிக்கும், ஆனால் கூடுதல் மென்பொருள் இல்லாமல் அதில் எழுதாது. எக்ஸ்ஃபேட்டில் ஜர்னல் இல்லை. அதனால் பட்டென்று பிடுங்கினால் கெடும் வாய்ப்பு அதிகம். 'ஈஜெக்ட்' கொடுத்துவிட்டே கழற்றுங்கள்.

பழைய ஃபைல் சிஸ்டமான ஃபேட்32-இல் ஒரு கோப்பு 4 ஜிபியை எட்ட முடியாது. வட்டில் 50 ஜிபி காலியாக இருந்தும் 5 ஜிபி வீடியோ ஏற மறுத்தால் காரணம் இதுதான்.

கிளஸ்டர் என்பது ஃபைல் சிஸ்டம் இடம் ஒதுக்கும் மிகச் சிறிய துண்டு. திரையில் இது 'அலோகேஷன் யூனிட் சைஸ்'. 1 கேபி கோப்பானாலும் ஒரு முழுக் கிளஸ்டர் அதற்குப் போய்விடும். 16 டிபிக்கு உட்பட்ட என்டிஎஃப்எஸ் டிரைவில் இயல்பான அளவு 4 கேபி. 32 ஜிபிக்கு மேற்பட்ட எக்ஸ்ஃபேட்டில் இயல்பாக 128 கேபி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: தலா 1 கேபி அளவில் ஒரு லட்சம் கோப்புகள், மொத்தம் 98 எம்பிதான். என்டிஎஃப்எஸ்ஸில் அவை சுமார் 390 எம்பி பிடிக்கும். அந்த எக்ஸ்ஃபேட் வட்டில் 12 ஜிபிக்கு மேல் பிடிக்கும். ஃபோல்டரின் பண்புகளில் 'சைஸ்' ஒன்றாகவும் 'சைஸ் ஆன் டிஸ்க்' வேறாகவும் இருப்பது இதனால்தான். பெரிய வீடியோக்கள் மட்டுமே வைப்பதானால் பெரிய கிளஸ்டர் நல்லது. துண்டு குறைந்தால் கணக்கு வைப்பதும் குறையும். மற்றபடி 'டிஃபால்ட்' என்பதையே விட்டுவிடுங்கள். 4 கேபிக்கு மேல் போனால் என்டிஎஃப்எஸ்ஸின் உள்ளமைந்த சுருக்க வசதி கிடைக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

'குயிக் ஃபார்மட்' பெட்டியில் டிக் வைப்பதா வேண்டாமா? டிக் இருந்தால் விண்டோஸ் கோப்புகளின் பட்டியலையும் காலியிட வரைபடத்தையும் மட்டும் புதிதாக எழுதும்; சில நொடிகளில் முடியும். டிக் எடுத்தால் வட்டு முழுவதும் பூஜ்யம் எழுதி, கெட்ட செக்டர்களையும் சோதிக்கும். நொடிக்கு 150 எம்பி வேகத்தில் 4 டிபி ஹார்ட் டிஸ்க்குக்கு ஏழு மணி நேரத்துக்கு மேல். பழைய வட்டைச் சோதிக்கவோ, விற்கும் முன் அழிக்கவோ என்றால் அந்த நேரம் தகும். எஸ்எஸ்டிக்கு எப்போதும் குயிக் ஃபார்மட். முழு ஃபார்மட் வீணாக அதன் எழுதும் ஆயுளைத் தின்னும்.

என்டிஎஃப்எஸ்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் எம்எஃப்டி என்ற பேரேட்டில் பெரும்பாலும் 1,024 பைட் அளவில் ஒரு பதிவு உண்டு. மிகச் சிறிய கோப்புகள் அந்தப் பதிவுக்குள்ளேயே அடங்கிவிடும். கோப்பை அழித்தால் பதிவு 'காலி' என்று குறிக்கப்படும், அதன் கிளஸ்டர்கள் விடுவிக்கப்படும். உள்ளே இருந்த பைட்டுகள் அப்படியே கிடக்கும். தவறுதலாக அழித்துவிட்டால் அந்த டிரைவில் எதையும் எழுதாமல், மீட்பு மென்பொருளைக்கூட அங்கே நிறுவாமல் நிறுத்த வேண்டும் என்பது இதனால்தான். எஸ்எஸ்டியில் இந்த நம்பிக்கை குறைவு. விடுவித்த இடம் எது என்று விண்டோஸின் டிரிம் கட்டளை எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிடும், அது உள்ளேயே துடைத்துவிடும்.

6. டிரைவ் எழுத்து

விண்டோஸ் கொடுக்கும் அடுத்த எழுத்தை ஏற்காமல், எம் அல்லது எஸ் போல வரிசையில் பின்னால் உள்ள ஒன்றைக் கொடுங்கள். ஈ, எஃப் போன்றவற்றைப் பென் டிரைவ்கள் பிடித்துக்கொள்ளும். நிறுவிய மென்பொருளும் குறுக்குவழிகளும் எழுத்தை வைத்தே கோப்பைத் தேடுவதால், பின்னாளில் எழுத்தை மாற்றினால் அவை உடையும்.

எழுத்தே இல்லாமலும் வட்டைச் சேர்க்கலாம். எழுத்து கேட்கும் பக்கத்திலேயே, காலியான ஒரு என்டிஎஃப்எஸ் ஃபோல்டரைக் காட்டும் தெரிவு இருக்கிறது. அப்படிச் செய்தால் சி டிரைவில் உள்ள 'படங்கள்' ஃபோல்டரைத் திறந்தால் நீங்கள் இருப்பது இரண்டாவது வட்டில். ஒன்றை மறக்க வேண்டாம்: அந்த ஃபோல்டருக்குள் உள்ளதை அழித்தால் அழிவது இரண்டாவது வட்டில் உள்ளது.

7. கோப்புகளை மாற்றுதல்

ஒரே டிரைவுக்குள் ஒரு கோப்பை நகர்த்தினால் கண்ணிமைக்கும் நேரத்தில் முடியும்; மாறுவது முகவரி மட்டுமே. டிரைவ் விட்டு டிரைவுக்கு நகர்த்துவது அப்படியல்ல. அங்கே நகலெடுத்து, பிறகு இங்கே அழிக்கிறது. நடுவில் மின்சாரம் போனால் பாதி அங்கே, பாதி இங்கே. ஆகவே 'கட்' வேண்டாம். 'காப்பி' செய்து, கோப்புகளின் எண்ணிக்கையும் மொத்த அளவும் இரண்டு பக்கமும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துவிட்டு, சில நாள் கழித்து மூலத்தை அழியுங்கள்.

'டாக்குமென்ட்ஸ்', 'பிக்சர்ஸ்' ஆகியவற்றை மாற்ற அந்த ஃபோல்டரின் பண்புகளில் 'லொகேஷன்' தாவலைப் பயன்படுத்துங்கள். புதிய வட்டில் முதலில் ஒரு ஃபோல்டரை உருவாக்கி அதைக் காட்டுங்கள். வெறும் டிரைவையே காட்டினால் டிரைவ் முழுதும் 'டாக்குமென்ட்ஸ்' ஆகிவிடும். பிறகு பிரித்தெடுப்பது தொல்லை. 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டரைக் கையால் நகர்த்தவே வேண்டாம். மென்பொருள்களின் முகவரிகள் விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் நூறு இடங்களில் எழுதப்பட்டிருக்கும்.

பழைய கணினியிலிருந்து எடுத்த வட்டில் உங்கள் ஃபோல்டரே 'அக்சஸ் டினைட்' சொல்லக்கூடும். என்டிஎஃப்எஸ் அனுமதிகளைப் பயனர் பெயரால் அல்ல, அந்தக் கணினி உருவாக்கிய அடையாள எண்ணால் எழுதி வைக்கிறது. பெயர் ஒன்றாக இருந்தாலும் எண் வேறு. பண்புகளில் 'செக்யூரிட்டி', 'அட்வான்ஸ்ட்' வழியே உரிமையாளரை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். அந்த ஃபோல்டருக்கு மட்டும் செய்யுங்கள். சி டிரைவ் முழுவதற்கும் செய்தால் விண்டோஸே தடுமாறும்.

8. பின்னாளில் சுருக்குவதும் நீட்டுவதும்

'எக்ஸ்டெண்ட் வால்யூம்' மங்கியிருக்கிறது என்பதே இங்கே முதல் புகார். காலியிடம் அந்தப் பார்ட்டிஷனை ஒட்டி, வலப்பக்கத்தில் இருந்தால்தான் அது இயங்கும். சி-க்கும் காலியிடத்துக்கும் நடுவில் மீட்புப் பார்ட்டிஷன் உட்கார்ந்திருந்தால் முடியாது. அதை அழிக்கும் வழிகள் இருக்கின்றன. புதியவர்கள் அதில் இறங்காமல், கோப்புகளை 7-இல் சொன்னபடி வேறு வட்டுக்கு மாற்றிச் சி-யைக் காலியாக்குவதே மேல்.

சில சமயம் எக்ஸ்டெண்ட் இயங்கும், ஆனால் வட்டை 'டைனமிக்' ஆக மாற்றப்போவதாக எச்சரிக்கும். 'நோ' கொடுங்கள். டைனமிக் என்பது வட்டைப் பிரித்து நிர்வகிக்கும் பழைய முறை; அதை மைக்ரோசாஃப்ட் கைவிட்டுவருகிறது. திரும்ப 'பேசிக்' ஆக்க, டிஸ்க் மேனேஜ்மென்ட் வழியில் எல்லாப் பார்ட்டிஷன்களையும் அழிக்க வேண்டும்.

சுருக்கும்போது 300 ஜிபி காலி இருந்தும் 40 ஜிபிதான் தருவேன் என்று அடம்பிடிக்கும். நகர்த்த முடியாத ஏதோ ஒரு கோப்பு வட்டின் கடைசிப் பக்கம் உட்கார்ந்திருக்கிறது: பேஜ் ஃபைல் (நினைவகம் போதாதபோது விண்டோஸ் வட்டில் பயன்படுத்தும் கோப்பு), ஹைபர்னேஷன் கோப்பு (கணினியை உறங்கவைக்கும்போது நினைவகத்தைச் சேமிப்பது), சிஸ்டம் ரீஸ்டோர் நகல்கள். 'ஈவென்ட் வியூவர்' திறந்து 'அப்ளிகேஷன்' பதிவில் எண் 259 உள்ள குறிப்பைப் பார்த்தால் எந்தக் கோப்பு தடுக்கிறது என்று பெயரோடு சொல்லும். மூன்றையும் தற்காலிகமாக அணைத்து, கணினியைத் திரும்பத் தொடங்கி, சுருக்கிவிட்டு, மறக்காமல் மூன்றையும் இயக்குங்கள்.

9. கோளாறுகள்

"இந்த வட்டைப் பயன்படுத்தும் முன் ஃபார்மட் செய்ய வேண்டும்" என்று வந்து, டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் 'ரா' என்று காட்டினால், பார்ட்டிஷன் இருக்கிறது, ஃபைல் சிஸ்டம் புரியவில்லை என்று பொருள். 'கேன்சல்' கொடுங்கள். வெளிப் பெட்டியிலிருந்து கழற்றி நேரடியாக மாட்டிய வட்டு என்றால் திரும்ப அந்தப் பெட்டியில் வைத்துப் பாருங்கள். சில யுஎஸ்பி பெட்டிகள் 512 பைட் செக்டர்களை 4,096 பைட்டாக மாற்றிக் காட்டும். பெட்டிக்குள் எழுதிய அட்டவணை வெளியே வந்தால் பிடிபடாது. கோப்புகள் பத்திரமாகத்தான் இருக்கும்.

'ஆஃப்லைன்' என்று காட்டி, கையொப்பம் மோதுகிறது என்றால், இரண்டு வட்டுகளுக்கும் ஒரே அடையாள எண். குளோன் செய்த (அப்படியே நகலெடுத்த) வட்டை மூலத்தோடு சேர்த்து மாட்டினால் வரும். 'ஆன்லைன்' கொடுத்தால் விண்டோஸ் அதற்குப் புதிய எண் எழுதும். அதன்பின் அந்தக் குளோனிலிருந்து கணினி துவங்காமல் போகலாம். குளோன் முடிந்ததும் கணினியை அணைத்து ஒன்றைக் கழற்றிவிடுங்கள்.

கோப்புகள் திறக்கத் தாமதமாகின்றன, வட்டில் டிக் டிக் சத்தம் கேட்கிறது என்றால் விண்டோஸின் வட்டுச் சோதனைக் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டாதீர்கள். முதலில் ஸ்மார்ட் விவரங்களை, அதாவது வட்டு தன் நலம்பற்றித் தானே வைத்திருக்கும் பதிவை, பாருங்கள். 5-ஆம் எண், மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்கள். 197-ஆம் எண், வாசிக்க முடியாமல் காத்திருப்பவை. இவை ஏறிக்கொண்டே போனால் வட்டு சாகிறது. செக்டிஸ்க்கின் முழுச் சோதனை ஒவ்வொரு செக்டரையும் வாசித்து அதன் மிச்ச உயிரையும் வாங்கும். முக்கியமான கோப்புகளை முதலில் நகலெடுங்கள்.

வட்டு நன்றாக இருந்து ஃபைல் சிஸ்டம் மட்டும் குழம்பியிருந்தால் செக்டிஸ்க் சரியான கருவி. முடிந்த பிறகு டிரைவில் 'ஃபவுண்ட்.000' என்ற மறைவான ஃபோல்டர் இருக்கிறதா என்று பாருங்கள். உரிமையாளர் தெரியாத துண்டுகளை அதில் 'சிஎச்கே' என முடியும் பெயர்களோடு போட்டு வைத்திருக்கும். பழைய பெயர் போயிருக்கும், உள்ளடக்கம் இருக்கலாம். நகலெடுத்து, முடிவை 'ஜேபிஜி' என்று மாற்றித் திறந்து பாருங்கள். காணாமல் போன படங்கள் சில அங்கே கிடைப்பதுண்டு.